புத்தகம் எழுதாமலே பேர் வாங்கிய பேராசிரியர் சசூர்: இன்றைக்கு இருந்தால் வேலை நிலைத்திருக்குமா?

மங்குவாளி எழுதியது (வெள்ளி, இரவு 9.12)

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் மொழியியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் தலைநகரில் மொழியியல் முதுகலை படிக்கிறாள். போன வாரம் விடுமுறைக்கு வந்தவள், சோற்றில் கை வைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்விதழில் இரண்டு கட்டுரை வந்தால்தான் முனைவர் பட்டத்தைப் பற்றியே பேசலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். "சசூர் இன்னிக்கு இருந்திருந்தா அவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றாள்.

யாரும்மா அந்த சசூர் என்று கேட்டேன். சுவிட்சர்லாந்துக்காரர், இன்றைய மொழியியலுக்கே தகப்பன் மாதிரி. ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்த புத்தகத்தை அவர் எழுதவே இல்லை, இறந்த பிறகு வேறு ஆட்கள் எழுதினார்கள் என்றாள்.

என் மாமியார் முப்பத்தைந்து வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெரட்டுல பேரைக் குடுத்துட்டு, மரமே வெட்டாம சம்பளம் வாங்குன ஆளா?" என்று கேட்டுவிட்டார். (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவது.) மகளுக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாக வீட்டில் இந்தப் பேச்சுதான்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுதாத மனிதரை எப்படி அத்தனை வருடம் பேராசிரியராக வைத்திருந்தார்கள்?


ஈப்போரோடு_ராஜா எழுதியது (வெள்ளி, இரவு 9.40)

அண்ணே, பட்டப்படிப்பில் எனக்கு இந்த ஆள் பாடம். அட்டையில் அவர் பெயர்தானே இருந்தது? எழுதாத புத்தகத்துக்கு எப்படிப் பெயர் போட்டார்கள்? எதற்கும் பிள்ளையை டிப்ளோமா ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். மாதம் பிறந்தால் சம்பளம்.


ஓய்வூதிய_டீச்சர் எழுதியது (வெள்ளி, இரவு 11.05)

ராஜா தம்பி, அட்டையில் பெயர் இருப்பது உண்மை. எழுதியவர் அவர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மங்குவாளி தம்பி, "எழுதாத மனிதர்" என்று உங்கள் மகள் சொன்னதில் பாதிதான் சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு உலகமே கதை கட்டிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெர்டினான்ட் டி சசூர் 1857ல் ஜெனீவாவில் பிறந்தார். குடும்பமே விஞ்ஞானிகள். கொள்ளுத்தாத்தா ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்தவர், அப்பா பூச்சியியல்காரர். பையனுக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை, மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, குடும்ப நண்பரான பிக்தே என்ற மொழியறிஞரிடம் காட்டியிருக்கிறான். அப்புறம் வீட்டு வழக்கப்படி ஜெனீவாவில் ஒரு வருடம் இயற்பியல், வேதியியல். அது ஒட்டவில்லை. 1876ல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போனார். அன்றைக்கு மொழி ஆராய்ச்சி என்றால் லைப்சிக்தான்.

அங்கே மாணவராக இருந்தபோதே ஒரு புத்தகம் எழுதினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மாதிரி மொழிகளுக்கெல்லாம் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் உயிரெழுத்து அமைப்பைப் பற்றியது. 1878 டிசம்பரில் வெளிவந்தது, அட்டையில் 1879 என்று இருக்கும். அப்போது அவருக்கு வயது 21. முனைவர் பட்டம்கூட வாங்கவில்லை. அதை 1880ல்தான் வாங்கினார், சமஸ்கிருத இலக்கணத்தில் ஒரு வேற்றுமைப் பயன்பாட்டைப் பற்றிய ஆய்வு. அவரிடமே ஒரு ஜெர்மன் பேராசிரியர், "அந்தப் பெரிய சசூருக்கு நீ சொந்தமா?" என்று கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள்.

ஆக, தம்பி, மரம் வெட்டியிருக்கிறார். விடியும் முன்பே வெட்டி முடித்துவிட்டார். மாமியாரிடம் அப்படிச் சொல்லுங்கள்.


மங்குவாளி எழுதியது (சனி, காலை 7.20)

டீச்சர், சொன்னேன். "அப்ப மிச்ச நிரையை யாரு வெட்டுனா?" என்று கேட்கிறார். (நிரை என்றால் மர வரிசை.) இந்தக் கிழவியிடம் யாரும் ஜெயிக்க முடியாது.


செம்பனை77 எழுதியது (சனி, காலை 8.02)

பாட்டி கேட்பது நியாயம்தான். டீச்சர் சொன்னதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கொள்ளுத்தாத்தா விஞ்ஞானி, அப்பா விஞ்ஞானி, வீட்டுக்கு வந்து போகிறவர் மொழியறிஞர். இருபத்தோரு வயதில் புத்தகம் வருவதில் என்ன ஆச்சரியம்? என் அப்பாவுக்கு அந்த வயதில் இரண்டு பிள்ளைகள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றால் எங்கே போவது என்ற பயம். மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960ல் ஆரம்பித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி ஒரு பங்கு வாங்கினார், அதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய சாதனை.

எழுதாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும் ஐயா. சசூருக்கு இருந்தது. மங்குவாளி அண்ணன் மகளுக்கு இல்லை. அந்தப் பிள்ளை இரண்டு கட்டுரையை எழுதித்தான் ஆக வேண்டும். அவரோடு இவரை ஒப்பிட்டு ஆறுதல் தேடுவது வீண்.


கயல்_நோட்டு எழுதியது (சனி, காலை 10.30)

வணக்கம். அந்தப் "பிள்ளை" நான்தான். அப்பா இங்கே எழுதியது பட்டறைப் பையன் சொல்லித்தான் தெரிந்தது.

செம்பனை அங்கிள், நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. வசதி இருந்தது. ஆனால் ஆறுதலுக்காக நான் அவரை இழுக்கவில்லை. டீச்சர் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

அந்த முதல் புத்தகத்தில் அவர் செய்தது இதுதான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றிலும் உயிரெழுத்துகள் ஒரு ஒழுங்கில் மாறி மாறி வரும். சில இடங்களில் மட்டும் அந்த ஒழுங்கு உடையும். மற்றவர்கள் அதை விதிவிலக்கு என்று விட்டுவிட்டார்கள். இவர், அந்த இடங்களில் ஏதோ ஒலிகள் இருந்திருக்க வேண்டும், அவை மறைந்துபோய் பக்கத்து உயிரை மாற்றிவிட்டன என்றார். அப்படி ஒரு ஒலியை நேரடியாகக் காட்டும் மொழி அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கணக்குப் போட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

நேற்று இதைப் பாட்டிக்கு விளக்கினேன். பாட்டி உடனே, "நெரையில மரம் ஒரே அளவுலதான் நட்டிருப்பான். நடுவுல ரெண்டு மரத்து தூரம் காலியா இருந்தா, அங்க ஒண்ணு இருந்து பட்டுப்போச்சுன்னு அர்த்தம். கட்டை கண்ணுல படணும்னு இல்ல" என்றார். என் வகுப்பில் ஒரு வாரம் எடுத்து நடத்திய பாடம் இது!

கட்டை அப்புறம்தான் கிடைத்தது. துருக்கியில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் இருந்த, அதே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹிட்டைட் மொழியை 1915ல் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் படித்துக் காட்டினார். 1927ல் குரிலோவிச் என்ற போலந்துக்காரர், சசூர் ஒலி இருந்ததாகச் சொன்ன இடங்கள் சிலவற்றில் ஹிட்டைட்டில் நிஜமாகவே ஒரு மெய்யெழுத்து நிற்கிறது என்று காட்டினார். சசூர் 1913 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். புத்தகம் வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து வந்த தீர்ப்பு. இன்றைய மதிப்பெண் முறையில் மூன்று வருடத்துக்குள் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பார்கள். அதைத்தான் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வந்தேன், கோபத்தில் வேறு மாதிரி வந்துவிட்டது. சாரி பாட்டி.


ஈப்போரோடு_ராஜா எழுதியது (சனி, காலை 11.15)

பாட்டிக்கு ஒரு கௌரவ முனைவர் பட்டம் கொடுக்கலாம் போல.


தமிழ்த்தாசன்_பேராக் எழுதியது (சனி, மதியம் 1.48)

1916ல் வந்த அந்த சசூர் புத்தகத்தில் ஐரோப்பியர் கண்டுபிடித்ததாகச் சொல்வதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு இல்லை, இடுகுறிதான் என்பது சசூரின் பெரிய கொள்கை என்கிறார்கள். ஐந்தாம் படிவத் தமிழ் இலக்கணத்திலேயே இடுகுறிப்பெயர், காரணப்பெயர் படிக்கிறோமே! தொல்காப்பியர் உரியியலில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று சொல்லிவிட்டார். நம் பிள்ளைகள் ஏன் ஜெனீவாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?


ஓய்வூதிய_டீச்சர் எழுதியது (சனி, மாலை 4.30)

தமிழ்த்தாசன், நூற்பாவைச் சரியாகச் சொன்னீர்கள். இந்த இடத்தில் அதை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால் அது சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம். காரணம் "விழிப்பத் தோன்றா", அதாவது பளிச்சென்று தெரியாது என்கிறார். காரணமே இல்லை என்று சொல்லவில்லை. பழைய உரைகாரர்களும் காரணம் உண்டு, அது எல்லோருக்கும் விளங்காது என்ற பக்கம்தான் நிற்கிறார்கள். "எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே" என்று பெயரியலில் சொன்னவரும் அவர்தான்.

இன்னொன்று. பெயர் இடுகுறியா இல்லையா என்ற சண்டை கிரேக்கத்திலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. அது சசூர் கண்டுபிடித்தது என்று அவரும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த படிதான் அவருடையது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான முடிச்சு இல்லையென்றால், ஒரு சொல்லின் பொருளைப் பிடித்து வைத்திருப்பது எது? பக்கத்தில் இருக்கும் மற்ற சொற்கள்தான் என்றார். அதை "மதிப்பு" என்று அழைத்தார். பிரெஞ்சில் ஆட்டுக்கும் ஆட்டிறைச்சிக்கும் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. அதனால் இரண்டு மொழியிலும் அந்த "ஆடு" ஒரே மதிப்பு உள்ள சொல் இல்லை என்பது அவர் காட்டிய உதாரணம்.

அதற்குத் தோட்டத்தில் உதாரணம் கிடைக்காதா என்ன, கயல்?


மங்குவாளி எழுதியது (சனி, மாலை 6.05)

டீச்சர், நான் சொல்லட்டுமா? சரியா தப்பா என்று நீங்கள் சொல்லுங்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், "பால்" என்று சும்மா சொன்னால் அது ரப்பர் பால். "இன்னிக்கு பால் எப்படி?", "மழையில பால் போச்சு", "பாலைத் தூக்கிட்டு வா". எல்லாம் மரத்துப் பால்தான். குடிக்கிற பாலுக்கு அடைமொழி வேண்டும். மாட்டுப்பால், இல்லாவிட்டால் டின் பால். முதல் வகுப்பில் ஆசிரியர் "பால் குடித்தாயா?" என்று கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. மங்கிலிருந்து, அதாவது மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்திலிருந்து, வாளியில் ஊற்றும்போது கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்ததும் தோல் மாதிரி உரிகிற சாமானை யாராவது குடிப்பார்களா? "இல்லை சார், நான் தொடவே இல்லை" என்றேன். ஆசிரியர் டவுனிலிருந்து வந்தவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது தோட்டமெல்லாம் செம்பனை. என் மகனுக்குப் பால் என்றால் ஃபிரிட்ஜில் இருப்பதுதான். சொல் அதேதான், எழுத்து மாறவில்லை. பக்கத்தில் இருந்த கட்டிப்பால், ஒட்டுப்பால் என்ற ரப்பர் பால் வகைச் சொற்கள் எல்லாம் போய்விட்டது.


கயல்_நோட்டு எழுதியது (சனி, மாலை 6.20)

அப்பா!!! இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

சரியா தப்பா என்று டீச்சர் சொல்வதற்கு முன் நான் சொல்கிறேன், இது அந்த ஆட்டிறைச்சி உதாரணத்தைவிட நன்றாக இருக்கிறது. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் போனதும் "பால்" தானே நகர்ந்துவிட்டது. யாரும் அகராதியில் மாற்றவில்லை.


செம்பனை77 எழுதியது (சனி, இரவு 8.15)

உதாரணம் அருமை அண்ணே. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. 21 வயதில் ஒரு புத்தகம், சரி. அதற்குப் பிறகு 34 வருடம் இருந்தார். என்ன செய்தார்?


ஓய்வூதிய_டீச்சர் எழுதியது (ஞாயிறு, காலை 6.50)

நல்ல கேள்வி. அதிகாலையில் எழுந்ததும் இதற்குத்தான் உட்கார்ந்தேன்.

1881ல் பாரிஸில் உயர் ஆய்வுப் பள்ளியில் விரிவுரையாளர் ஆனார். மிஷேல் பிரேயால் என்ற மூத்த அறிஞர் தான் நடத்திய வகுப்பை 24 வயதுகூட நிரம்பாத பையனிடம் விட்டுக்கொடுத்தார். காதிக் மொழி, பழைய ஜெர்மன், பிறகு கிரேக்கம், லத்தீன், லிதுவேனியம் என்று பத்து வருடம் பாடம். பாரிஸ் மொழியியல் சங்கத்தில் வேலை. பின்னாளில் பிரெஞ்சு மொழியியலையே தூக்கி நிறுத்திய அந்துவான் மெய்யே அவருடைய மாணவர். 1891ல் ஜெனீவா கூப்பிட்டது, சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். சமஸ்கிருதமும் ஒப்பியல் மொழியியலும் நடத்தினார். 1896ல் முழுப் பேராசிரியர்.

எழுதவில்லையா என்றால், எழுதினார். லிதுவேனிய மொழியில் சொல்லழுத்தம் எந்த விதிப்படி இடம் மாறுகிறது என்று 1890களில் அவர் எழுதியதை இன்றைக்கும் "சசூர் விதி" என்றே சொல்கிறார்கள். அவர் வாழ்நாளில் அச்சில் வந்ததை எல்லாம் 1922ல் ஒரே தொகுதியாகப் போட்டபோது 600 பக்கத்துக்கு மேல் வந்தது. ஆகவே "எழுதாதவர்" என்பது கட்டுக்கதை. முடிவு தெரிந்த விஷயங்களை எழுதினார். மொழி என்றால் என்ன என்ற பெரிய விஷயத்தை மட்டும் எழுதி முடிக்க முடியவில்லை. 1894ல் மெய்யேவுக்குப் போட்ட கடிதத்தில், மொழியைப் பற்றி உருப்படியாகப் பத்து வரி எழுதுவதே எவ்வளவு கஷ்டம் என்று அலுத்துக்கொள்கிறார். இருக்கிற கலைச்சொல் ஒன்றுகூடச் சரியில்லை என்பது அவருடைய தொந்தரவு.

இது சோம்பேறித்தனம் இல்லை, செம்பனை. ஆனால் இது பாராட்ட வேண்டிய பழக்கம் என்றும் நான் சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுத் திருத்தியவள் நான். முதல் வரி சரியாக வரவில்லை என்று வெறும் தாளைக் கொடுத்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தலோடு நீட்டியவர்களுக்குத்தான் மார்க் போட முடிந்தது.


கயல்_நோட்டு எழுதியது (ஞாயிறு, காலை 9.10)

டீச்சர், அந்தக் கடைசி வரி எனக்கென்று தெரிகிறது. வாங்கிக்கொண்டேன்.

மீதிக் கதையை நான் முடிக்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஜெனீவாவில் பொது மொழியியல் நடத்திய வெர்ட்ஹைமர் என்பவர் ஓய்வு பெற்றார். 1906 கடைசியில் அந்தப் பாடமும் சசூர் தலையில் விழுந்தது. அவர் கேட்டு வாங்கியது இல்லை. 1907ல் ஒருமுறை, 1908-09ல் ஒருமுறை, 1910-11ல் ஒருமுறை, மூன்றே தடவை நடத்தினார். எந்த வகுப்பிலும் ஒரு டஜன் பேரைத் தாண்டவில்லை. நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் அவ்வளவு பேர்தான் என்றால் மூடிவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்துவிடும்.

அவர் போன பிறகு பாய்யி, செஷ்ஷே என்ற இரண்டு சக பேராசிரியர்கள் அவருடைய குறிப்புகளைத் தேடினார்கள். வகுப்புக்கு எழுதிய அவசரக் குறிப்புகளை அன்றன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுவாராம். கிடைத்தது கொஞ்சம்தான். பிறகு மாணவர்களின் நோட்டுகளைச் சேகரித்தார்கள். இதில் வேடிக்கை, தொகுத்த இரண்டு பேரும் அந்த வகுப்புகளில் உட்காரவில்லை. செஷ்ஷேவின் மனைவிதான் மூன்றாவது வகுப்பில் உட்கார்ந்து எழுதியவர், அவர் நோட்டும் உதவியது. எல்லாவற்றையும் கலந்து, வரிசை மாற்றி, 1916ல் புத்தகமாக்கினார்கள். ராஜா அங்கிள், உங்கள் அட்டையில் இருந்த பெயரின் கதை இதுதான்.

அதற்கும் அப்புறம் 1958ல் கான்ஸ்டன்டின் என்ற மாணவரின் நோட்டுகள் வந்தன. மூன்றாவது வகுப்புக்கு இருப்பதிலேயே நிறைவான குறிப்பு அது. புத்தகம் போட்டவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. 1996ல் ஜெனீவாவில் குடும்ப வீட்டைச் சேர்ந்த செடிக் கொட்டகையில் அவர் கைப்பட எழுதிய காகிதக் கட்டு கிடைத்தது. மொழியைப் பற்றி ஒரு புத்தகம் எழுத முயன்று பாதியில் விட்ட தாள்கள். முயன்றிருக்கிறார்.

"மிச்ச நிரையை யாரு வெட்டுனா?" என்று பாட்டி கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில்: அந்தப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.


தமிழ்த்தாசன்_பேராக் எழுதியது (ஞாயிறு, காலை 11.00)

உரைகாரர் பற்றி டீச்சர் சொன்னது சரி, எடுத்துப் பார்த்தேன். ஆனால் தனிநாயகம் அடிகளை யாரும் சொல்லாமல் விட்டது வருத்தம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்துகொண்டே 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். எழுதியது ஒரு பக்கம், ஆட்களை ஒன்று சேர்த்தது ஒரு பக்கம். அதையும் கல்விப்பணிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.


செம்பனை77 எழுதியது (ஞாயிறு, மதியம் 12.25)

சேர்க்கலாம். ஆனால் கயலுக்கு நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். சசூருக்கு நோட்டு எழுத ஆள் இருந்தது. நம் பிள்ளை தன் நோட்டைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு கட்டுரை. அதில் ஒன்று நேற்று அப்பா சொன்ன பால் கதையாக இருக்கட்டுமே?


கயல்_நோட்டு எழுதியது (ஞாயிறு, இரவு 9.55)

அங்கிள், அதைத்தான் மத்தியானம் ஆரம்பித்தேன். பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, கைப்பேசியில் பதிவு போட்டுவிட்டு, நோட்டிலும் எழுதினேன். மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை, ஆயாக் கொட்டகை என்று நாற்பது சொல் வரைக்கும் வந்தது. "கம்பம்" என்ற சொல்லுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. தமிழ்நாட்டில் அது தூண். இங்கே மலாய்க்காரர் கிராமம். பாட்டிக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். தேர்வுக்குப் படித்த நான்தான் முதலாவதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

நடுவில் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். "ஒட்டுப்பால்" என்பதற்கு எதிரே "மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்" என்று எழுதியிருந்தேன். "வெட்டுக் கோட்டுலன்னு எழுது. மரத்துலன்னா எங்க வேணா இருக்கலாமே" என்று அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டு எழுதினேன்.


மங்குவாளி எழுதியது (ஞாயிறு, இரவு 10.10)

நாளைக்கும் உட்காரச் சொல்லியிருக்கிறார். பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு மேல்தான், அதுவரை யாரும் கூப்பிடக் கூடாதாம். டீச்சர், நீங்களும் ஊர்ப்பக்கம்தான் என்றால் ஒரு நடை வாருங்கள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு.